முருகேசன் பெயரில் ஒரு ரிப்போர்ட்

1

போன வாரம் என் அண்ணனுக்கு முதல் வருஷத் திதி. வெள்ளகோவிலில் இலை போட்டுச் சோறு வைத்தார்கள். அந்த நேரத்தில் நான் இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் பக்கத்து ரொட்டி ஆலையில், அடுப்புக்குள் தலையை விட்டுக் கழன்றுபோன சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தேன். லீவு கேட்டிருந்தேன். மேலாளர் பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, சாவுக்கு லீவு உண்டு, செத்து ஒரு வருஷம் ஆனதற்கு லீவு போட இதில் இடமில்லை என்றாள். நல்ல பெண்தான். கணினியில் இடமில்லை என்றால் அவள் என்ன செய்வாள்?

அந்தக் கோபத்தில் இதை எழுத உட்கார்ந்தேன். நான் ஃபிட்டர். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. ஊரில் இருக்கும் நாற்பத்தைந்து தாண்டிய ஆண்கள் இதைப் படிக்க வேண்டும். அவர்கள் படிக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களாவது படியுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. இங்கே ஒரு வயது தாண்டினால் கூப்பிட்டு எடை பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், ஒரு படிவம் நிரப்புவார்கள். இரண்டு கடிதம் வந்து, இரண்டையும் குப்பையில் போட்டேன். மூன்றாவதை என் மனைவி தேவி பார்த்துவிட்டாள். போனேன். எனக்கு அப்போது ஐம்பத்தொன்று.

"உங்கள் அப்பா எதில் இறந்தார்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"முதுகுவலி" என்றேன்.

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முதுகுவலியில் யாராவது சாவார்களா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "தெரியாது" என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். பெற்ற தகப்பன் எதில் செத்தான் என்பது இந்த ஆளுக்குத் தெரியாது. எழுதியாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அந்த டிக்கையே நினைத்துக்கொண்டு வந்தேன். அது பொய். தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ளக் கூடாது என்று என் கையாலேயே ஒரு வேலை செய்தவன் நான்.

2

எங்களுக்குப் பன்னிரண்டு தறி இருந்தது. அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து வேலியோரம் போவார். வந்து உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுவார். மறுபடியும் போவார். வயசானால் அப்படித்தான் என்றார்கள். அப்பாவுக்கு அறுபது. பிறகு இடுப்பு வலி வந்தது. தறியில் நின்று நின்று இடுப்பு போய்விட்டது என்று எண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், கட்டுக் கட்டினார்கள். ஒரு நாள் கட்டிலிலிருந்து எழ முடியாமல் போனபோது பெரியப்பா அவரைக் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைல் வந்தது. அதைப் பெரியப்பா தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"எலும்புத் தேய்மானம்" என்றார். அவ்வளவுதான்.

அப்போது என் தங்கை சரஸ்வதிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் பெண் எடுக்கும் முன்னால் விசாரிப்பார்கள். டீக்கடையில் குடும்பம் எப்படி என்று கேட்பது வெளிவேஷம். உண்மையான விசாரணை மருந்துக்கடையில் நடக்கும். அந்த வீட்டுக்கு என்ன மாத்திரை போகிறது, யாருக்குப் போகிறது, எத்தனை நாளாகப் போகிறது என்று கேட்பார்கள். புற்று என்ற சொல் ஒரு தடவை வெளியே போய்விட்டால் அந்த வீட்டுப் பெண்களை யாரும் கேட்டு வர மாட்டார்கள். அதனால் வீட்டுக்குள்ளேயும் அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. அப்பாவிடமாவது யாராவது சொன்னார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அப்பா போனபோது எனக்கு இருபத்தைந்து வயது. கொடுமுடியில் காவிரியில் சாம்பலைக் கரைத்தோம். அவர் வேட்டி, சட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாம் ஆற்றில் போயிற்று. கடைசியில் பெரியப்பா ஒரு மஞ்சள் பையை என்னிடம் கொடுத்தார்.

"இதையும் போட்டுரு கண்ணு. எல்லாம் அவனோடயே போகட்டும்."

துணிக்குள்ளே பிளாஸ்டிக்கின் முனை கையில் இடித்தது. என்னவென்று எனக்குத் தெரியும். திறந்து பார்க்க அரை நிமிஷம் போதும். பார்க்கவில்லை. தூக்கிப் போட்டேன். பை உடனே முழுகவில்லை. மிதந்துகொண்டு கரைக்கே திரும்பி வந்தது. ஒரு குச்சி எடுத்து அதை அமுக்கினேன். காற்றுக் குமிழிகள் வந்து நிற்கும்வரை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கைதான் அன்றைக்கு நர்ஸ் முன்னால் முழங்காலில் கிடந்தது. தெரியாது, டிக்.

3

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஃபோன் போட்டேன். பெரியப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம். மிச்சம் இருந்தது அண்ணன்தான். பழனிச்சாமி, என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

"அண்ணா, நம்மய்யனுக்கு என்னங்க இருந்துது?"

"என்னத்தடா இப்ப? செத்தவரப் போயிக் கெளப்பிட்டு."

"இங்க ஆஸ்பத்திரில கேக்கறாங்க."

"அந்த ஊருக்காரனுக்கு வெள்ளகோயில்காரன் எதுல செத்தா என்னவாமா? முதுகுவலின்னு சொல்லு."

"சொல்லிப்போட்டேன். நம்பல."

பின்னால் தறிச் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து எங்கேயோ தள்ளிப் போனார். சத்தம் குறைந்தது.

"அதுதான்டா" என்றார்.

"எதுங்க?"

"அதுதான்னு சொல்றேனல்ல. மூத்தரப் பைக்குக் கீழ. அங்கிருந்து எலும்புக்கு எறங்கிருச்சு. பெரீப்பா எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு. இதையெல்லாம் ஃபோன்ல பேசாத."

இருபத்தாறு வருஷம் ஒரு மனுஷன் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு தறி ஓட்டியிருக்கிறார்.

"நீங்க டெஸ்ட் கிஸ்ட் எடுத்தீங்களாண்ணா?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கறேன். நித்யாளுக்கு எடம் பாத்துட்டு இருக்கறோம். நீ அங்க உக்காந்துட்டு எதயாச்சும் கெளப்பி உட்டுப்போடாத சாமி."

நித்யா அவருடைய ஒரே பெண்.

மறுவாரம் டாக்டரைப் பார்த்தேன். இங்கே வந்த புதிதில், எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தேவி ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டாள். இருபது வருஷமாகியும் அந்த டிக்கை அழிக்க முடியவில்லை. எப்போது போனாலும் ஃபோனில் ஒரு தமிழ்க்குரல் வந்துவிடும். அன்றைக்கு வந்தது ஒரு யாழ்ப்பாணத்து அம்மா.

"ஐயா, உங்களுக்குச் சலம் போறதில ஏதும் கஷ்டம் இருக்கோ? வெக்கப்படாமச் சொல்லுங்கோ."

"இல்லீங்க. நல்லா இருக்கறேனுங்க."

பொய் இல்லை. மூத்திரம் போவதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் இருந்திருந்தாலும் அந்தக் குரலிடம் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும்.

டாக்டர் இளவயசுக்காரர். நிதானமாகச் சொன்னார். மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் அந்தச் சுரப்பிக்குப் புராஸ்டேட் என்று பெயர், ஆண்களுக்கு மட்டும் உண்டு. அதில் புற்று வந்தால் ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. தொந்தரவு வரட்டும் என்று காத்திருந்தால் சிலருக்குத் தாமதமாகிவிடும். அப்பாவுக்கோ கூடப்பிறந்தவனுக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு கூடும். அம்மா, அக்கா, தங்கைக்கு மார்பில் வந்திருந்தாலும் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது மட்டுமே தீர்ப்பு இல்லை. வேறு காரணத்தாலும் அந்த அளவு கூடும். நோய் இருந்தும் சிலருக்குக் கூடாமலும் இருக்கும். அதனால்தான் வயது, குடும்பம், ரத்தம், ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடுகிறோம் என்றார்.

"இதில் உங்கள் குடும்பக் கதைதான் முதல் தகவல். அதை நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்."

அதை ஆற்றில் போட்டு அமுக்கியவனிடம் சொல்கிறார்.

4

என் கதை சிறியது. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. கூடியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். இருந்தது, ஆனால் சுரப்பியைத் தாண்டவில்லை. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். சில மாதம் என் மூத்திரம் என் பேச்சைக் கேட்கவில்லை. காற்சட்டைக்குள் பேட் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வேறு சிலதும் போயிற்று, புருஷன் பெண்டாட்டிக்குத் தெரிந்த விஷயம். உயிர் இருக்கிறது.

ஆலையில் எதற்கு இவ்வளவு லீவு என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? முதுகுவலி.

என் மகன் கவினுக்கு இருபது வயது. வேறு ஊரில் படிக்கிறான். வாரத்துக்கு ஒரு தடவை ஃபோன், அதுவும் அவன் அம்மாவிடம். என்னிடம் பேசுவதற்கு அவனுக்குத் தமிழ் போதாது, எனக்கு இங்கிலீஷில் பாசம் வராது. அறுவைக்குப் பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டான்.

"அப்பா, நான் என் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். தாத்தா யெஸ், அப்பா யெஸ். இப்ப வேண்டாம், நாப்பது வயசு கிட்ட வா, பாக்கலாம்னு சொன்னாங்க."

"யாரைக் கேட்டுடா சொன்ன?"

"யாரைக் கேக்கணும்?"

"நாளைக்கு உனக்கு ஒரு பொண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அவனுக்குப் புரியவில்லை. சமையலறையிலிருந்து தேவிக்குப் புரிந்தது.

"உங்க பெரீப்பா எந்திரிச்சு வந்துட்டாருங்கோ" என்றாள்.

பிள்ளை நம்மைவிட்டு விலகிப் போகிறான் என்று இத்தனை வருஷம் புலம்பியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் அவன் விலகியே போகட்டும்.

5

ஐப்பசியில் ஊருக்குப் போனேன். நித்யாவுக்கு இடம் அமைந்து, உப்புச் சர்க்கரை மாற்றிக் கல்யாணப் பேச்சை உறுதி செய்திருந்தார்கள். தையில் கல்யாணம். அண்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டியும் இடுப்பில் நிற்கவில்லை. நாற்காலியில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்தார்.

"எனக்கு வந்து வெட்டி எடுத்தாச்சுங்க. அய்யனுக்கு, எனக்கு. நடுவுல நீங்க மட்டும் கல்லா?" என்றேன்.

மூன்று நாள் சண்டை போட்டேன். வெள்ளகோவில் லேப் வேண்டவே வேண்டாம், லேப்காரன் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம் என்றார். காங்கயமும் வேண்டாம். கடைசியில் கோயமுத்தூர் காந்திபுரம் என்று முடிவானது. காரில் போனால் டிரைவர் முருகேசன் யாரிடமாவது சொல்லிவிடுவான் என்று பஸ்ஸில் போனோம். மழை. பல்லடத்தில் பஸ் நின்ற இடத்தில் இறங்கி ஓடினார். கண்டக்டர் விசில் ஊத ஊத நனைந்துகொண்டு வந்தார்.

லேப் ஒரு லாட்ஜுக்குக் கீழே. கணினி முன்னால் ஒரு பெண்.

"பேருங்க?"

"முருகேசன்" என்றார் அண்ணன்.

டிரைவரை ஊரில் விட்டுவிட்டு அவன் பெயரை மட்டும் கூட்டி வந்திருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. ரத்தம் கொடுத்தால் போதும் என்று நின்றேன்.

"வயசுங்க?"

"அம்பது."

"ஃபோன் நம்பரு?"

பழக்க தோஷம். சொந்த நம்பரைச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் தட்டினாள், திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏனுங்க, முருகேசன்ங்களா? நீங்க ரெண்டு வருசத்துக்கு முந்தியே வந்திருக்கறீங்களே. இதே டெஸ்ட்டுதானுங்க. பழைய ரிப்போர்ட்டும் சேத்தி எடுத்துத் தரட்டுங்களா?"

அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"வேண்டாம் அம்மணி."

"குடும்மா" என்றேன் நான்.

பழைய ரிப்போர்ட்டில் பி.எஸ்.ஏ. பதினொன்று. அந்த அளவுக்கே டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும். புதிய ரிப்போர்ட் சாயங்காலம் வந்தது. நூற்றி எண்பத்தி மூன்று.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். எனக்குக் கூடப்பிறந்தவனை அடிக்க வேண்டும் போல இருந்தது.

"கல்லு மாதிரி இருக்கறேன்னீங்களே. அப்பவே உங்களுக்குத் தெரியுமல்லங்க?"

"தெரியும்."

"எப்படிங்க போனீங்க அப்ப?"

"எந்திரிச்சு எந்திரிச்சுப் போக வேண்டியதாயிருச்சு. அய்யன் வேலியோரம் போனது நாபகம் வந்துது. நாந்தான அவருக்கு என்னன்னு தெரிஞ்சவன். சரி, பாத்துப்போடலாம்னு வந்தேன்."

எங்கள் குடும்பத்திலேயே சரியாகக் கணக்குப் போட்டவர் அவர்தான். யாரும் படிவம் கொடுக்கவில்லை, நர்ஸ் கேட்கவில்லை. அப்பாவை நினைத்தார், தன் வயதை நினைத்தார், தானாகப் போய் ரத்தம் கொடுத்தார். இங்கே டாக்டர் எனக்குச் சொன்னதை அவர் எனக்கு ஒரு வருஷம் முன்னாலேயே செய்துவிட்டார். வேறொருவன் பெயரில்.

"அப்பறம்?"

"லேப்புலருந்து ரெண்டு தடவ ஃபோன் பண்ணுனாங்க. டாக்டரப் பாக்கச் சொல்லி."

"என்னங்க சொன்னீங்க?"

"முருகேசன் வெளியூர் போயிட்டான்னு சொல்லிப்போட்டேன்."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

"நித்யா படிப்பு முடியட்டும்னு பாத்தேன். முடிஞ்சுது. ஒடனே எடம் பாக்க ஆரம்பிச்சுட்டோம். கலியாணம் முடியட்டும்னு இருந்தேன். தையில முடிஞ்சிரும்டா."

6

எலும்புக்கு இறங்கியிருந்தது. அப்பாவுக்கு இறங்கிய அதே வழி. கோயமுத்தூர் டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த முருகேசன் யாருங்க?"

"நாந்தானுங்க" என்றார் அண்ணன்.

"அப்ப பழனிச்சாமி?"

"அதும் நாந்தானுங்க."

"ரெண்டு பேருமே லேட்டா வந்திருக்கறீங்க" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். இது அவருக்குப் புதிது இல்லை என்று தெரிந்தது. ஊசி போட்டார்கள். அது நோயைக் கொஞ்ச நாள் கட்டிவைக்கும், போக்காது என்றார்.

தையில் லீவு போட்டு மறுபடியும் ஊருக்குப் போனேன், கல்யாணம் நன்றாக நடந்தது. அண்ணன் இடுப்பில் பட்டை கட்டி, மேலே பட்டுச் சட்டை போட்டு, மணவறைக்குப் பக்கத்தில் சாய்வாக நின்றார். என்னங்க மாமா ஒரு மாதிரி நிக்கறீங்க என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

"முதுகுவலிங்க" என்று நானே பதில் சொன்னேன். எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று நினைவில்லை.

ஒன்றரை வருஷம் இருந்தார். கடைசி நான்கு மாதம் கட்டிலில். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். நங்கைக்கு விஷயம் தெரிந்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான். முப்பத்து மூன்று வருஷம் குடும்பம் நடத்தினவளிடம் சொல்லவில்லை. "எங்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டு வருசத்துக்கு முந்தியே காத திருகி இழுத்துட்டுப் போயிருப்பேனே தம்பி" என்று ஒவ்வொரு ஃபோனிலும் சொன்னாள்.

அண்ணன் சாவு எடுப்புக்குப் போனபோது சம்பந்தி, நித்யாவின் மாமனார், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெரிய மனுஷர், மெதுவாகப் பேசுவார்.

"முன்னமே சொல்லியிருந்தா நாங்க என்ன வேண்டாம்னா சொல்லியிருப்போமுங்க? எங்கண்ணனும் இதே சீக்குலதான் போனாருங்க."

"அப்ப நீங்க ஏனுங்க எங்ககிட்டச் சொல்லல?"

அவர் என்னை ஒரு விவரம் கெட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருந்தோமல்லங்க."

நித்யாவுக்கு நாளைக்கு ஒரு பையன் பிறந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் அவனுக்கு இது வரலாம். இரண்டு பக்கமும் அவனிடம் முதுகுவலி என்றுதான் சொல்வார்கள்.

7

கொடுமுடியில் மறுபடியும் அதே படித்துறை. சாம்பலைக் கரைத்தோம். வேட்டி, சட்டை, இடுப்புப் பட்டை எல்லாம் போயிற்று. ஒரு பங்காளி, நல்ல மனசோடுதான், நங்கையின் பையிலிருந்த ஃபைலை எடுத்து நீட்டினார்.

"இதையும் உட்ருங்க. வெச்சுட்டு என்ன பண்றது?"

வாங்கிக்கொண்டேன். ஆற்றில் விடவில்லை. சட்டைக்குள் செருகிக்கொண்டு படியேறி வந்துவிட்டேன். பின்னால் ஏதோ முணுமுணுத்தார்கள். விமானத்தில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

போன வாரம், திதியன்று, ஆலையிலிருந்து வந்து குளித்துவிட்டு அதைத் திறந்தேன். மேலே இரண்டு லேப் ரிப்போர்ட். முருகேசன், நாற்பத்தெட்டு. முருகேசன், ஐம்பது. வயதையும் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். டிரைவர் முருகேசன் ஊரில் நன்றாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒன்றும் இல்லை.

பேனாவை எடுத்து முருகேசனை அடித்தேன். மேலே பழனிச்சாமி என்று எழுதினேன். வயதைத் திருத்தினேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன்: அப்பா, புராஸ்டேட் புற்று, அறுபத்திரண்டில் இறப்பு. அண்ணன் பழனிச்சாமி, அதே, ஐம்பத்தைந்தில் தெரிந்தது, ஐம்பத்தொன்பதில் இறப்பு. நான், அதே, ஐம்பத்தொன்றில் தெரிந்தது, இருக்கிறேன். நம் ரத்தத்தில் வந்த ஆண்கள் எல்லோரும் டாக்டரிடம் போய் இதைக் காட்டி, எந்த வயதில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

கவினுக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். ஆலைச் சூப்பர்வைசரிடம் மறுநாள் போய், அன்றைக்கு எனக்கு வந்தது முதுகுவலி இல்லை என்று சொன்னேன். பிறகு பங்காளிகள் வாட்ஸப் குழுவில் அதே படத்தைப் போட்டு, அண்ணன் ரத்தம் கொடுத்தது காந்திபுரத்து லேப்பில் என்றும் எழுதினேன். காலை வணக்கமும் கோயில் படமும் மட்டும் வரும் குழு அது.

ஒருவரும் பதில் போடவில்லை. மூன்று பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். ஒருவர் ஃபோன் செய்து, எங்க பொண்ணுக்குப் பாத்துட்டு இருக்கறோம், இப்படிப் பண்ணிப்போட்டியே என்று கத்தினார். நானும் கத்தினேன்.

சாயங்காலம் தனியாக ஒரு செய்தி வந்தது. சித்தப்பா மகன், சென்னிமலையில் இருக்கிறவன், நாற்பத்தொன்பது வயது. ஒரே வரி.

"காந்திபுரத்துல எந்த லேப்புங்கண்ணா?"

எந்த லேப்பாக இருந்தாலும் சரி, சொந்தப் பெயரைச் சொல்லு என்று எழுதி அனுப்பினேன்.